மூக்கைப் பொத்திய பிள்ளை: திருகோணமலையில் தரம் 3 எடுக்கும் ரீச்சருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். திருகோணமலை நகரில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் உங்களுக்குத் தரம் 3 கிடைத்திருக்கிறது. 33 பிள்ளைகள். பெரும்பாலும் சைவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், கத்தோலிக்கப் பிள்ளைகள் நாலைந்து பேர், தாய் சிங்களம் தகப்பன் தமிழ் என்று ஒரு பிள்ளை. "நான் வேற்றுமை பார்ப்பதே இல்லை, எல்லோரையும் ஒரே மாதிரித்தான் நடத்துகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இடைவேளையில் அவர்கள் பிரிந்து பிரிந்து உட்காருகிறார்கள், போன கிழமை ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டி திறந்ததும் மூக்கைப் பொத்தியது, பெட்டிக்காரப் பிள்ளை மூடி வைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சமத்துவம், பன்மைத்துவம் என்று பயிற்சியில் படித்ததை இந்த வகுப்பில் எப்படிச் செய்வது, மூக்கைப் பொத்திய பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட வேண்டுமா என்பது கேள்வி.

நான் ஆரம்பப் பிரிவில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் படிப்பித்தவள், மூதூர்ப் பக்கம் சில வருடம், மிச்சம் நகரத்தில், கடைசியில் ஆசிரிய ஆலோசகராக ஊர் ஊராகப் போய் வகுப்புகளைப் பார்த்தவள். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் ரீச்சர்.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது மூக்கைப் பொத்தியது இல்லை. "வேற்றுமை பார்ப்பதே இல்லை" என்ற அந்த வரிதான். நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள், நானும் முதல் பத்து வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு இருந்தேன். ஆனால் நீங்கள் பார்க்காவிட்டாலும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். யார் நெற்றியில் திருநீறு, யார் தலையில் முக்காடு, யார் பாடசாலை வானில் (வேனில்) வருகிறார், யார் அண்ணனின் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வருகிறார் என்பதெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற தம்பதியர் 1940களில் பொம்மைகளை வைத்துச் செய்த ஆய்வு பிரபலம்: மூன்று வயதிலிருந்தே கறுப்பினப் பிள்ளைகளுக்கு நிற வேறுபாடு விளங்கியிருந்தது, அதில் பலர் வெள்ளைப் பொம்மையைத்தான் "நல்ல பொம்மை" என்று எடுத்தார்கள். நிறம் பார்த்துப் பாடசாலைகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்னபோது இந்த ஆய்வையும் எடுத்துக்காட்டியது. அந்தப் பிள்ளைகளுக்கு இதை யாரும் பாடம் வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் பேசாமல் இருந்தால், இது வாயால் சொல்லக் கூடாத விஷயம் போல என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும், அப்புறம் விளக்கத்தை வானுக்குள்ளும் வீட்டுத் திண்ணையிலும் பெரிய வகுப்பு அண்ணன்மாரிடமும் தேடிக்கொள்ளும். அங்கே கிடைக்கும் விளக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: வேறுபாட்டைப் பெயர் சொல்லி, சாதாரணக் குரலில், வகுப்புக்குள்ளேயே பேசுங்கள்; வாய்ப்பைப் பகிரும்போது மட்டும் கணக்குப் பார்த்துப் பகிருங்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

நம் மாவட்டத்தை ஒரு தரம் நினைத்துப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டில் சுமார் 3 லட்சத்து 79 ஆயிரம் பேர், அதில் 40 வீதத்துக்குச் சற்று மேல் முஸ்லிம்கள், 30 வீதம் அளவில் தமிழர், 27 வீதம் அளவில் சிங்களவர். யாருமே பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம். ஆனால் பாடசாலைகள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை என்று பிரிந்தவை, ஒரே வீதியில் மதிலுக்கு மதில் இருந்தாலும் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமலே சாதாரண தரம் வரை வந்துவிடலாம். அதனால் உங்கள் வகுப்பு மாதிரி ஒரு கலப்பு வகுப்பு இங்கே அபூர்வம், அது உங்களுக்குச் சுமையாகத் தெரிந்தாலும் அந்த 33 பேருக்கும் கிடைத்த பெரிய வாய்ப்பு. இன்னொன்று, "தமிழ்ப் பிள்ளைகள்" என்று ஒரு கூடைக்குள் போட்டுவிடாதீர்கள். மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் தமிழ் பேசும் கரையோர வேடர் சமூகத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாலையூற்றில் போர்த்துக்கேயப் பறங்கியர் குடும்பங்கள், மலையகத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்து வரும் பிள்ளைகள். சமயம் ஒன்றாக இருந்தாலும் சாதியையும் தொழிலையும் வைத்துப் பிள்ளையைத் தள்ளி உட்கார வைத்த கதைகள் நம்மிடம் இருக்கின்றன, வெளியில் சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்கிறோம். பன்மைத்துவம் என்றால் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை நாலையும் ஒரு சுவரொட்டியில் வரைந்து ஒட்டுவது என்று முடித்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு கட்டடத்தை வரைவது சுலபம், யாருக்கும் நோகாது.

சரி, பேசுவது என்றால் எப்படி? ஒரு சம்பவம் சொல்கிறேன். முதலாம் வகுப்பில் ஒரு முஸ்லிம் பிள்ளை, பாடசாலைக்கு வந்து இரண்டாம் கிழமையோ என்னவோ, "எங்கட உம்மா தந்தவ" என்று எதையோ காட்டினாள். வகுப்பே சிரித்தது. ஏனென்றால் மற்றப் பிள்ளைகளின் வீட்டில் உம்மா என்றால் முத்தம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அந்தச் சொல் அவர்களுக்கு அப்படித்தான் தெரியும். நான் "சிரிக்கக் கூடாது" என்று அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வகுப்பில் வீட்டைப் பற்றி வாய் திறக்கவே இல்லை, வருடம் முடியும் மட்டும். கேட்டால் "அம்மா" என்பாள், அதையும் மெல்லமாக. நான் அதட்டியது அவளைக் காப்பாற்றவில்லை, அவளுடைய சொல்லில் ஏதோ பிழை இருப்பதாக எல்லோருக்கும் உறுதிப்படுத்தியது. அதை நான் விளங்கிக்கொள்ள இரண்டு மூன்று வருடம் எடுத்தது, இன்றைக்கும் அவள் முகம் ஞாபகம் இருக்கிறது.

பிறகு வந்த வகுப்புகளில் இதையே பாடமாக வைத்தேன். பெரிய தாளில் உறவுமுறைக் கட்டம். அம்மா, உம்மா. அப்பா, வாப்பா. அக்கா, ராத்தா. அண்ணா, நானா. பக்கத்தில் சிங்களம்: அம்மா அங்கேயும் அம்மாதான், அக்காவும் அக்காதான், ஆச்சியும் ஆச்சிதான், ஆனால் தாத்தா என்றால் தகப்பன், ஐயா என்றால் அண்ணன்! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், இந்த முறை யாரையும் பார்த்து இல்லை, சொற்களைப் பார்த்து. உங்கள் வகுப்பில் சிங்களத் தாயின் பிள்ளை இருப்பதால் இது இன்னும் நன்றாக வரும், ஆனால் ஒரு எச்சரிக்கை: அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி "உங்கட ஆக்கள் இதை எப்படிச் சொல்லுவினம்" என்று கேட்காதீர்கள். ஒரு பிள்ளையும் தன் சமூகத்துக்குத் தூதுவர் இல்லை. நீங்களே தெரிந்துகொண்டு வந்து தாளில் எழுதுங்கள், அது தானாகக் கை உயர்த்தினால் சந்தோசமாகப் பேச விடுங்கள். கொஞ்சம் பெரிய வகுப்பாக இருந்தால் பாண், மேசை, ஜன்னல், அலுமாரி, சப்பாத்து என்று எழுதிவிட்டு இவை சிங்களத்திலும் ஏறக்குறைய இதே சொற்கள்தான், இரண்டு பேருமே போர்த்துக்கேயரிடம் வாங்கியவை என்று சொல்லலாம். கோணேசர் மலைக்குப் போகும்போது கோட்டை வாசல் வழியாகத்தானே எல்லோரும் போகிறோம், 1624இல் அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் விட்டுப்போன சொற்கள் நம் வகுப்பறைத் தளபாடத்தில் இருக்கின்றன என்றால் பிள்ளைகளுக்குக் கண் விரியும்.

பெயரும் அப்படித்தான். இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பெயரை நீங்கள் தடுமாறினால் வகுப்பு அந்தப் பெயரை விளையாட்டுக்கு எடுத்துவிடும். முதல் கிழமையிலேயே தாயிடமோ தகப்பனிடமோ கேட்டு, அவர்கள் வீட்டில் சொல்லும் மாதிரிச் சொல்லப் பழகுங்கள். கணக்குப் பாடத்தில் எப்போதும் ரவியும் மாலாவும்தான் மாம்பழம் வாங்குகிறார்கள்; றிஸ்வானாவும் நிமலும் டெல்மாவும் வாங்கட்டுமே. செலவில்லாத வேலை.

இனிச் சாப்பாட்டு விஷயம். கருவாட்டுப் பொரியலோ என்னவோ, நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அந்த நேரத்தில் இரண்டு பேரோடும் தனித்தனியாகப் பேச வேண்டும், முதலில் பெட்டிக்காரப் பிள்ளையோடு. "உங்கட அம்மா நல்லாச் சமைச்சிருக்கிறா, வாங்கோ என்னோட இருந்து சாப்பிடலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதிப் புண் ஆறும். மூக்கைப் பொத்திய பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள்: வாசம் வரவில்லை என்று சொன்னால் அது நம்பாது, ஏனென்றால் வாசம் வரத்தான் செய்தது. "உனக்கு அந்த வாசம் பிடிக்காமல் இருக்கலாம், அதில் பிழையில்லை, நீ கொஞ்சம் தள்ளி இருந்து சாப்பிடலாம். ஆனால் அவன் சாப்பிடும்போது அவனுக்குத் தெரிய மூக்கைப் பொத்தினால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது, இன்றைக்கு அவன் பசியோடு இருந்தான்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எட்டு வயதுக்கு இது நன்றாக விளங்கும். மன்னிப்புக் கேள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டாம், அந்த மன்னிப்பை இரண்டு பேருமே வெறுப்பார்கள்.

பாடமாக வைப்பது அதே நாளில் வேண்டாம், எல்லோரும் அந்தப் பெட்டியைத்தான் நினைப்பார்கள். ஒரு பத்து நாள் கழித்துப் புட்டைப் பற்றிப் பேசுங்கள். யார் வீட்டில் அரிசிமா, யார் வீட்டில் கோதுமைமா, யார் வீட்டில் குரக்கன்மா, எதோடு சாப்பிடுகிறார்கள், பாற்சோறு எந்த நாளில் பொங்குகிறார்கள், நோன்புக் கஞ்சிக்குள் என்ன போடுகிறார்கள். "இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டீர்கள்" என்று மட்டும் பொதுவில் கேட்காதீர்கள், ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை பொய் சொல்லப் பழகிக்கொள்ளும். இன்னொன்று, ஒற்றுமை என்று சொல்லி எல்லோர் பெட்டியையும் எல்லோரும் பகிர்ந்து உண்ண வைப்பது நல்லதாகத் தெரிந்தாலும் சிக்கல். முஸ்லிம் பிள்ளைக்கு ஹலால் இல்லாத இறைச்சி ஆகாது, சில சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும், பல வீடுகளில் மாட்டிறைச்சி ஆகாது, சில பிள்ளைகளுக்குக் கச்சானோ இறாலோ ஒத்துக்கொள்ளாது. பகிர வேண்டுமானால் வாழைப்பழமும் கொண்டைக்கடலையும் பகிரட்டும். வீட்டுக் கட்டுப்பாட்டை வகுப்பு மதிக்கிறது என்று தெரிந்தால்தான் பெற்றோர் உங்களை நம்புவார்கள்.

சமய விஷயத்துக்கும் இதே கணக்குத்தான், அறிந்துகொள்வது வேறு, வழிபடுவது வேறு. வாணி விழாவுக்கு வகுப்பே சேர்ந்து மாவிலை கட்டலாம், ஆனால் முஸ்லிம் பிள்ளையிடம் திருநீற்றுத் தட்டை நீட்டாதீர்கள், அது கையை நீட்டவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தை மறக்காது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கு லீவு உண்டு, உங்கள் பாடசாலைக்கு இல்லை. ஆகவே ஆசையில் அரை நோன்பு பிடிக்கும் பிள்ளை வெயிலில் ஓட வேண்டியிருக்கும், அன்றைக்கு நிழலில் புள்ளி எழுதும் வேலையைக் கொடுங்கள். நான் அதிகம் கவலைப்பட்டது சமய பாட நேரத்தில்தான். ஒரு வகுப்பில் ஐந்து பேருக்கு அவர்களுடைய சமயத்தைப் படிப்பிக்க ஆசிரியர் இல்லை என்றால் அந்த ஐந்து பேரும் என்ன செய்கிறார்கள்? நான் போன எத்தனையோ பாடசாலைகளில் அவர்கள் வெளி விறாந்தையில் சும்மா இருந்தார்கள், சில இடங்களில் அலுவலகத்துக்குத் தேநீர்க் கோப்பை கழுவினார்கள். கிழமைக்குக் கிழமை, வருடக் கணக்காக. அந்த நேரம் "நீ இந்த வகுப்புக்கு உரியவன் இல்லை" என்று சொல்லாமல் சொல்லுகிற நேரம். அதிபரோடு பேசிப் பக்கத்துப் பாடசாலையில் இருந்து அந்தச் சமயம் படிப்பிக்கும் ஒருவரைக் கிழமைக்கு ஒரு நாளாவது எடுக்க முடியுமா பாருங்கள், வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், அதுவரைக்கும் அவர்களுடைய சமயப் பாடநூலையே திறந்து வைத்து வாசிக்கச் சொல்லி ஒரு மேசை, ஒரு வேலை, முடிவில் நீங்கள் பார்த்துக் கையெழுத்து. அந்தக் கையெழுத்து அந்தப் பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

வாய்ப்பைக் கணக்குப் பார்த்துப் பகிர வேண்டும் என்றேன். அதற்கு ஒரு கொப்பித் தாள் போதும். 33 பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு ஒரு கிழமைக்கு ஒவ்வொரு முறையும் கோடு போடுங்கள்: யாரிடம் கேள்வி கேட்டேன், யாரை மெச்சினேன், யாரை அலுவலகத்துக்கு அனுப்பினேன், யாரைக் கூட்டச் சொன்னேன், யாரை ஏசினேன். வெள்ளிக்கிழமை அந்தத் தாளைப் பார்க்கும்போது மனசு கனக்கும், எனக்குக் கனத்தது. முன்வரிசையில் இருக்கும் புலமைப்பரிசில் வரப்போகிற பிள்ளைகளுக்குக் கோடு கோடாக இருக்கும், கடைசி வரிசையில் மீன்வாடிப் பக்கம் இருந்து வரும் இரண்டு பிள்ளைகளுக்குக் கூட்டுகிற வேலையிலும் ஏச்சிலும் மட்டும் கோடு இருக்கும். நான் எல்லோரையும் ஒரே மாதிரித்தான் நடத்துகிறேன் என்று அதுவரைக்கும் சத்தியமாக நம்பிக்கொண்டு இருந்தேன். அந்தத் தாளுக்குப் பிறகுதான் இருக்கையைக் கிழமைக்கு ஒரு முறை சுற்றி மாற்றத் தொடங்கினேன், மொனிட்டரையும் பதினைந்து நாளுக்கு ஒருவர் என்று இடாப்பு வரிசையில் போட்டேன், எழுதத் தெரியாத பிள்ளையும் மொனிட்டர் ஆகும், ஆகட்டும். ஆண்பிள்ளை மேசை தூக்க, பெண்பிள்ளை கூட்ட என்பதும் அந்தத் தாளில் பளிச்சென்று தெரியும், மாற்றிவிடுங்கள், இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. காது கேட்காத, கண் மங்கலான பிள்ளைக்கு மட்டும் சுற்று இல்லை, அதற்கு முன்வரிசை நிரந்தரம், ஏன் என்று வகுப்புக்கே சொல்லுங்கள். ஒரே மாதிரி நடத்துவதும் நியாயமாக நடத்துவதும் வேறு வேறு என்று பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்வார்கள்.

பிந்தி வரும் பிள்ளைகளை வாசலில் நிற்க வைக்கும் பழக்கம் உங்கள் பாடசாலையிலும் இருந்தால் தயவு செய்து அந்தப் பிள்ளை எங்கிருந்து வருகிறது என்று ஒரு தரம் விசாரியுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தப் பக்கத்துச் சனம் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் நீர் கடந்து வந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் என் கை நடுங்கியது, ஏனென்றால் அப்படிப் பாதைக்குக் காத்திருந்து பிந்தி வந்த எத்தனை பிள்ளைகளை நான் வெயிலில் நிற்க வைத்திருப்பேன். வறுமைக்கும் இதையேதான் சொல்வேன். காசு கட்டாதவர்களின் பெயரை வகுப்பில் வாசிக்காதீர்கள், பிறந்தநாளுக்கு டொபி கொடுப்பதை நிறுத்தி எல்லோருக்கும் பாட்டு மட்டும் என்று வையுங்கள், நிறப் பென்சில்களை ஒரு பொதுப் பெட்டியில் போடுங்கள்.

இன்னொரு கடினமான இடம் இருக்கிறது, பயிற்சியில் இதைத் தொட மாட்டார்கள். ஒரு நாள் ஒரு பிள்ளை வாய் திறந்து, "அவங்கட ஆக்கள்தான் எங்கட வீட்ட எரிச்சவங்கள், அம்மம்மா சொன்னவ" என்று சொல்லும். இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு வீட்டிலும் போர்க்காலத்தில் ஊரை விட்டு ஓடிய ஒரு கதை உண்டு. 1990, 2006. சம்பூர்ச் சனம் 2006இல் வெளிக்கிட்டு முகாம்களில் வருடக் கணக்காக இருந்தது, அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள், எல்லைக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களுக்கும் சொல்லக் கதை இருக்கிறது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முக்காடு போட்ட சின்னப் பிள்ளையைக்கூடப் பஸ்ஸில் திரும்பிப் பார்த்தார்கள். ஆகவே "அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை" என்று மறுக்காதீர்கள், அம்மம்மா பொய் சொல்லவில்லை. தரம் 3இல் சரித்திரம் விவாதிக்கவும் வேண்டாம். நான் இப்படித்தான் சொல்வேன்: "அம்மம்மாவுக்கு அது பெரிய கவலை, வீடு போனால் யாருக்கும் கவலைதான். ஆனால் அதைச் செய்தது உனக்குப் பக்கத்தில் இருக்கிற இந்தப் பிள்ளை இல்லை, அது அப்போது பிறக்கவே இல்லை. இவர்கள் வீட்டுப் பெரியவர்களும் ஒரு நாள் ஓடியிருக்கிறார்கள்." பிறகு அந்தப் பிள்ளையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டில் இன்னும் அந்தப் பயம் இருந்தால் அது நித்திரையிலும் கொப்பியிலும் தெரியும்.

பிரிந்து பிரிந்து உட்காருவதற்கு வருகிறேன். இடைவேளையில் அவர்கள் யாரோடு இருப்பது என்பதில் தலையிடாதீர்கள், அது அவர்களுடைய நேரம். பாட நேரத்தைத்தான் நீங்கள் மாற்ற முடியும். 1971இல் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் கறுப்பின, மெக்சிக்க, வெள்ளையினப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டை தாங்க முடியாமல் போய், எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடத்தைத் துண்டாக்கி, குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுப்பது, மற்றவன் சொல்லித் தராவிட்டால் யாருக்கும் பாடம் முழுமையாகாது. நம் சுற்றாடல் பாடத்துக்கு இது அச்சாகப் பொருந்தும். "எங்கள் சாப்பாடு எங்கிருந்து வருகிறது" என்று எடுத்து, ஒரு பிள்ளைக்குத் தம்பலகாமத்து நெல்லும் அதற்குத் தண்ணீர் தரும் கந்தளாய்க் குளமும், ஒரு பிள்ளைக்குத் திருக்கடலூர் மீன், ஒரு பிள்ளைக்குக் கிண்ணியாச் சட்டித் தயிர், ஒரு பிள்ளைக்கு வீட்டுத் தோட்டம். குழுவை நீங்களே கலந்து போடுங்கள், ஒரு மாதத்துக்கு மாற்றாதீர்கள். முதல் கிழமை முறைப்பாடு வரும், "இவன் ஒன்றும் சொல்ல மாட்டான் ரீச்சர்" என்று. பொறுங்கள். வாடிக்குப் போய்ப் பழகிய பிள்ளை மீன் பெயர் இருபதை அடுக்கிச் சொல்லும் நாளில் அந்த முறைப்பாடு நிற்கும்.

பக்கத்துச் சிங்களப் பாடசாலையோடும் முஸ்லிம் பாடசாலையோடும் ஏதாவது செய்ய ஆசைப்பட்டால், வருடத்துக்கு ஒரு கலை நிகழ்ச்சி வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே மேடையில் மூன்று நடனம் ஆடிவிட்டு, தனித்தனி பஸ்ஸில் ஏறிப் போவார்கள். கோடன் ஓல்போட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இலேயே எழுதியது: வேறு வேறு குழுக்கள் சும்மா சந்தித்தால் போதாது, சம நிலையில், ஒரே நோக்கத்துக்கு, சேர்ந்து வேலை செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களும் அதை ஆதரிக்க வேண்டும். ஆகவே பெரிதாக வேண்டாம், ஒரே பிள்ளைக்கு ஒரே தோழர், மாதம் ஒரு கடிதம். நம் பிள்ளை இரண்டாம் மொழிச் சிங்களத்தில் மூன்று வரி, அந்தப் பிள்ளை தமிழில் மூன்று வரி, இரண்டிலும் பிழை இருக்கும், இரண்டு பேருக்கும் மற்றவரின் மொழி கஷ்டம் என்பதால் அங்கே ஒருவரும் மேலே இல்லை, ஒருவரும் கீழே இல்லை. மூன்றாம் தவணையில் கடற்கரையில் சந்திக்கட்டும், கலந்த அணிகளாக விளையாடட்டும்.

அதிபர் அல்லது யாராவது "இதெல்லாம் பாடத்திட்டத்தில் உண்டா" என்று கேட்டால் கையில் வைத்துக்கொள்ள: அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், பிறப்பிடம் போன்ற காரணங்களால் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது, சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது, கல்வி அமைச்சே 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கை வெளியிட்டது. இதற்கு மேல் அனுமதி தேவையில்லை. அதைவிட ஆசிரியர் ஓய்வறையைக் கவனியுங்கள். 2018இல் நம் நகரில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா உடுத்து வருவது வீதிப் போராட்டமாகவே ஆனபோது பெரியவர்கள் என்ன பேசினோம், எப்படிப் பேசினோம் என்பதைப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார்கள். உங்களோடு வேலை செய்யும் மற்றச் சமூகத்து ரீச்சரோடு ஒரே மேசையில் இருந்து நீங்கள் சாப்பிடுவதை அந்த 33 பேரும் பார்க்கட்டும்.

கடைசியாகப் பெற்றோர். இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள். ஒரு முறை மூக்கைப் பொத்தியதற்கு அதிபர் அறைக்குக் கூப்பிட்டால் வீட்டில் அடி விழும், அடி வாங்கிய பிள்ளை அந்தப் பெட்டிக்காரப் பிள்ளையைத்தான் வெறுக்கும். திரும்பத் திரும்ப நடந்தால் மட்டும், மணி அடித்துப் பிள்ளையைக் கூட்டிப்போக அம்மா வரும்போது வாசலில் வைத்து, அந்தப் பிள்ளை அன்றைக்குச் செய்த ஒரு நல்ல காரியத்தை முதலில் சொல்லி, பிறகு நடந்ததைச் சொல்லுங்கள். "வீட்டில் இதைப் பற்றி என்ன பேசுவீர்கள்" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அவ என்ன சொன்னாலும் வாதாட வேண்டாம், "வகுப்பில் நாங்கள் இப்படித்தான் இருப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். மற்றப் பிள்ளையின் தாயிடம் இந்தக் கிழமையே பேசுங்கள், அவ அந்தச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுப்பதை நிறுத்தியிருப்பா, பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். திரும்பக் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று.